செத்த மீனிலிருந்து காரணம் வரை: ரசாயன மாசு நீர்வாழ் உயிர்களை என்ன செய்கிறது என்று ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

மீன்கள் செத்து மிதக்கின்றன என்று தகவல் வந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுவதில்தான் பல ஆய்வுகள் தொடங்குகின்றன. நாம் போய்ச் சேர்வதற்குள் மீனைக் கொன்ற நீர் பல கிலோமீட்டர் தாண்டியிருக்கும். பிடித்து வந்த நீரைச் சோதித்தால் 'எல்லா அளவுகளும் வரம்புக்குள்' என்று அறிக்கை வரும். மீன் செத்தது உண்மை; அறிக்கையும் பொய்யில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையை அடைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இந்தத் துறையில் புதிதாகக் கால் வைக்கும் ஆய்வு மாணவர்களும், தங்கள் நீர்நிலையைத் தாங்களே கண்காணிக்க நினைக்கும் குழுக்களும் என் மனத்தில் இருக்கிறார்கள்.

நீரை மட்டும் அளப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். அது என்ன செய்கிறது என்று தெரியாது. உயிரை மட்டும் பார்ப்பவருக்கு ஏதோ நடக்கிறது என்று தெரியும். எதனால் என்று தெரியாது. ஜப்பானின் மினமாட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மனிதர்களுக்கு வந்த நரம்பு நோய் 1956 மே 1 அன்றுதான் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆனால் விரிகுடாவின் மீனைத் தின்ற பூனைகள் அதற்கு முன்பே வலிப்பு வந்து துடித்துச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் மெத்தில் பாதரசம். அது கடலில் கலப்பது நின்றதோ 1968இல். உயிர்கள் சொன்னதை வேதியியலோடு சேர்த்துப் படிக்க எடுத்துக்கொண்ட அந்தக் காலத்தில் எத்தனை குழந்தைகள் கருவிலேயே பாதிக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால், இந்த வேலையை ஏன் கவனமாகச் செய்யவேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்த ஏரி மாசுபட்டிருக்கிறதா?" என்பது ஆய்வுக் கேள்வி அல்ல. "கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே வாழும் சிறுமீன்களின் செவுள், மேலே வாழ்பவற்றைவிட அதிகம் சிதைந்திருக்கிறதா? செம்பின் அளவும் அதோடு சேர்ந்து ஏறுகிறதா?" என்று கேட்டால், எங்கே போகவேண்டும், எதைப் பிடிக்கவேண்டும், எதை அளக்கவேண்டும் என்ற மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கேள்வி எழுதும்போதே மாசுப்பொருளின் குணத்தையும் படித்துவிடுங்கள். கன உலோகங்கள் நீரில் அதிக நேரம் நிற்காமல் வண்டலில் போய்ப் படியும். டிடிடி (பழைய பூச்சிக்கொல்லி), பிசிபி (மின்மாற்றி எண்ணெயில் இருந்த ரசாயனம்) போன்றவை கொழுப்பில் சேரும். மெத்தில் பாதரசம் தசையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ நீரிலிருந்து மறைந்துவிடும். ஆனால் மீனின் மூளையில் அவை முடக்கிய நொதி அதற்குப் பிறகும் மீண்டிருக்காது. இது தெரியாமல் எல்லாவற்றையும் நீரிலேயே தேடினால், இல்லாத இடத்தில் தேடியதாகத்தான் முடியும்.

2. இடம்

ஆறு என்றால், கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே குறைந்தது ஒன்று (இரண்டு இருந்தால் நிம்மதி), கலந்த பிறகு சற்றுத் தள்ளி ஒன்று, இன்னும் கீழே தெளியத் தொடங்கும் தூரத்தில் ஒன்று. மேலேயும் கீழேயும் ஆழம், ஓட்டம், அடித்தளம், நிழல் எல்லாம் முடிந்தவரை ஒத்திருக்கவேண்டும். மேலே கூழாங்கல், கீழே சேறு என்றால் உயிரினங்கள் மாறுவதற்கு மாசு தேவையே இல்லை.

கழிவு ஆற்றின் குறுக்கே முழுதும் உடனே பரவிவிடாது. ஒரு கரையை ஒட்டியே வெகுதூரம் ஓடும். மின்கடத்துதிறன் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்தால் (அல்லது படகில் போனால்) எண் எங்கே குதிக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் எதிர்க்கரையில் மாதிரி எடுத்துவிட்டு 'பாதிப்பு இல்லை' என்று எழுதுவது பெரிய அநியாயம்.

ஏதாவது கட்டப்போகிறார்கள், திறக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை விடாதீர்கள். முன்பும் பின்பும், பாதிக்கும் இடத்திலும் பாதிக்காத இடத்திலும் எடுத்த அளவுகளுக்கு இணையான சான்று வேறில்லை.

3. நேரம்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சாக்கடை நீரும் உரமும் கலந்த குளத்தில் பாசி செழிக்கும். பகலில் அந்தப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை அள்ளி விடும். பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் அளந்தால் கரைந்த ஆக்சிஜன் பிரமாதமாக இருக்கும். நீர் இயல்பாகக் கரைத்து வைத்திருக்கும் எல்லையைத் தாண்டிக்கூடக் காட்டும். இரவில் அதே பாசி சுவாசித்து ஆக்சிஜனைத் தின்னும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிப்பது அந்த நேரத்தில்தான். நாம் காலை பத்து மணிக்குக் கிளம்பிப் போனால் அந்தத் தவிப்பைப் பார்க்கவே மாட்டோம்.

அம்மோனியாவின் கதை இதற்கு நேர் எதிர். நீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும்: மின்னேற்றம் கொண்ட அம்மோனியம் அயனி, மின்னேற்றமில்லாத அம்மோனியா. மீனின் செவுளுக்குள் எளிதாக நுழைந்து கொல்வது இரண்டாவது. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அந்த நச்சு வடிவம் இருக்கும். பி.எச். 8 ஆனால் சுமார் 5 சதவீதம். பி.எச். 9இல் சுமார் 36 சதவீதம். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பி.எச். பிற்பகலில்தான் உச்சத்துக்கு ஏறும். ஆக, ஒரே குளத்தில் மூச்சுத்திணறல் விடியலுக்கு முன், அம்மோனியா நஞ்சு பிற்பகலில். மொத்த அம்மோனியா நாள் முழுக்க ஒரே எண்ணாக இருந்தாலும் மீனுக்கு நேரும் ஆபத்து பல மடங்கு மாறுகிறது. பி.எச்., வெப்பநிலை இரண்டையும் குறிக்காத அம்மோனியா அளவை நான் அளவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அதனால் ஒரு முழு நாளாவது, 24 மணி நேரம், ஒரே இடத்தில் இருந்து மணிக்கொரு முறை அளந்துவிடுங்கள். பதிவுக் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் முறை வைத்து விழித்திருங்கள். பூச்சிக்கொல்லி என்றால் தெளித்த பிறகு வரும் முதல் மழையைத் தவறவிடாதீர்கள். வயலில் கிடந்தது அன்றைக்குத்தான் அடித்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் அங்கே இருக்க முடியாவிட்டால், வாரக்கணக்கில் நீரில் தொங்கிக்கொண்டே மாசை உறிஞ்சும் சேகரிப்பான்களைக் கட்டிவைக்கலாம்.

4. நீரை எடுப்பது

கரிம ரசாயனங்களுக்குப் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், உலோகங்களுக்கு அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில். உலோக மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச்.-ஐ 2க்குக் கீழே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த பிறகுதான் அமிலம். வரிசையை மாற்றினால் துகளில் இருந்ததெல்லாம் கரைந்து வந்துவிடும். மற்றவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில், இருட்டில். பி.ஓ.டி. சோதனை (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்ற அளவு) 20 டிகிரியில் 5 நாள் ஓடுவது. மாதிரியை வைத்துக்கொண்டு தாமதிக்கக் கூடாது.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வெற்று மாதிரி கட்டாயம். ஆய்வகத்தின் தூய நீரை எடுத்துப்போய், களத்தில் திறந்து, மற்ற மாதிரிகளுக்குச் செய்த எல்லாவற்றையும் அதற்கும் செய்து திரும்பக் கொண்டுவருவது. பொடி தூவிய கையுறையிலிருந்தே துத்தநாகம் வந்து சேரும். வெற்று மாதிரி இல்லையென்றால் அந்தத் துத்தநாகத்தை ஆற்றின் தலையில் கட்டிவிடுவோம்.

ஓட்டத்தை எதிர்த்து நின்று, உங்களுக்கு முன்னால் இருக்கும் நீரை எடுங்கள். காலடியில் கலங்கிய சேறு பாட்டிலுக்குள் போகக் கூடாது. வெள்ளம் ஓடும்போது தனியாக இறங்கவே வேண்டாம்.

கூடவே கடினத்தன்மை, கரைந்த கரிமம் இரண்டையும் அளந்துவிடுங்கள். ஒரே அளவு செம்பு மென்னீரில் மீனைக் கொல்லும். கால்சியம் நிறைந்த கடினநீரில் அதே மீன் பிழைக்கும். செவுளில் ஒட்ட கால்சியமும் செம்பும் போட்டி போடுகின்றன. மட்கிய இலையின் சாறு கலந்த பழுப்பு நீரில் கரிமம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரில் இருக்கும் அளவு வேறு, உயிருக்குள் போகும் அளவு வேறு.

5. தட்டில் கொட்டிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கைவலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் இருக்கும் கற்களைக் காலால் கிளறி, வந்து விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். முதலில் வெறும் சருகும் மணலும்தான் தெரியும். அவசரப்படாமல் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஒரு சருகு நகரும். மூன்று வாலோடு, வயிற்றின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்கள் படபடக்க ஒரு மேஃபிளை இளம்பூச்சி. சிறு மணல் குழாய் ஒன்று தானாக எழுந்து நடக்கும். அதற்குள் கேடிஸ்ஃபிளை புழு. இவையும் ஸ்டோன்ஃபிளையும் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதையும் மாசையும் தாங்காதவை. இவை போய், சிவப்பு நிற ரத்தப்புழுக்களும் டியூபிஃபெக்ஸ் புழுக்களும் மட்டும் மொய்த்தால் அந்த இடம் மூச்சுவிடத் திணறுகிறது என்று பொருள். ரத்தப்புழுவின் சிவப்பே ஹீமோகுளோபின்தான். குறைந்த ஆக்சிஜனில் பிழைக்க அது வைத்திருக்கும் வழி.

நீர்மாதிரி ஒரு கணத்தைச் சொல்லும். இந்தத் தட்டோ கடந்த பல வாரங்களின், சில மாதங்களின் கதையைச் சொல்லும். போன மாதம் இரவோடு இரவாகக் கொட்டிய கழிவு நீரில் இருக்காது. ஆனால் மேஃபிளை திரும்பி வந்திருக்காது.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே வலை, ஒரே நேரம், ஒரே பரப்பு. குடும்ப அளவுக்கு அடையாளம் கண்டாலே ஒப்பிடப் போதும்.

6. ஆய்வகத்தில் நச்சுச் சோதனை

களத்தில் ஒரே நேரத்தில் நூறு காரணங்கள் வேலை செய்யும். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டும். ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வகுத்த முறைகளைப் பின்பற்றினால் உங்கள் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிட முடியும்: பாசிக்கு 72 மணி நேர வளர்ச்சிச் சோதனை, டாஃப்னியாவுக்கு (நீர்த்தெள்ளு எனப்படும் மிகச் சிறிய நன்னீர் ஓட்டுயிரி) 48 மணி நேர அசைவின்மைச் சோதனை, மீனுக்கு 96 மணி நேரச் சோதனை. முடிந்தவரை வளர்ந்த மீனுக்குப் பதிலாக வரிக்குதிரை மீனின் கருவைப் பயன்படுத்தும் 96 மணி நேர முறையை எடுங்கள். தேவையில்லாமல் ஒரு மீனைக்கூட வதைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விலங்கு ஆய்வு அனுமதி வாங்காமல் தொடங்கவும் கூடாது.

கையில் அதிக வசதி இல்லாதவர்களுக்கு டாஃப்னியாதான் நல்ல ஆசிரியர். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குட்டிகளை எடுக்கவேண்டும். ஒரு செறிவுக்கு குறைந்தது 20, ஐந்து ஐந்தாக நான்கு குவளைகளில். குறைந்தது ஐந்து செறிவுகள். அவற்றோடு மாசு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குவளைகள். 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைத்துவிட்டு 15 நொடி பாருங்கள். நீந்தாதது அசைவற்றது. கட்டுப்பாட்டில் 10 சதவீதத்துக்கு மேல் அசைவற்றுப் போனால் அந்தச் சோதனையை அப்படியே தள்ளிவிட்டு மறுபடி செய்யவேண்டும். எவ்வளவு உழைத்திருந்தாலும் சரி. உங்கள் டாஃப்னியா ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது பொட்டாசியம் டைகுரோமேட்டில் சோதியுங்கள். 24 மணி நேரத்தில் பாதியை அசைவற்றதாக்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வரவேண்டும்.

நுண்ணோக்கியில் ஒன்றை வைத்துப் பாருங்கள். உடல் கண்ணாடி. தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கம் இதயம் துடிப்பது தெரியும். குடலில் பச்சையாகத் தின்ற பாசி தெரியும். முதிர்ந்த பெண் என்றால் முட்டைகள் தெரியும். 48 மணி நேரச் சோதனையில் உயிரோடு நீந்தும் ஒன்று குட்டி போடாமலே போகலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் 21 நாள் இனப்பெருக்கச் சோதனை. நேரமும் பொறுமையும் இருந்தால் அதைச் செய்யுங்கள். ஆறுகளில் நாம் காணும் செறிவுகள் பெரும்பாலும் உடனே கொல்பவை அல்ல, மெல்லத் தேய்ப்பவை.

7. உடலுக்குள் பார்ப்பது

வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் 1970களில் அனல்மின் நிலையச் சாம்பல் குட்டையின் நீர் கலந்தது. அதிலிருந்த செலினியம் உணவுச் சங்கிலி வழியே ஏறி, தாய் மீனிலிருந்து முட்டைக்குப் போனது. வளர்ந்த மீன்கள் பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் குஞ்சுகள் முதுகெலும்பு கோணிப் பிறந்து செத்தன. 20 மீன் இனங்களில் 19 காணாமல் போயின. பெரிய மீனைப் பிடித்து 'கொழுகொழுவென்று இருக்கிறது' என்று எழுதியிருந்தால் அந்த ஆய்வுக்கு என்ன பொருள்? செலினியம் என்றால் சினைப்பையைப் பார்க்கவேண்டும்.

இப்படி ஒவ்வொரு மாசுக்கும் பார்க்கவேண்டிய உறுப்பும் அடையாளமும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு மூளையின் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி. பெண் ஹார்மோன் போல நடிக்கும் பொருள்களுக்கு ஆண் மீனின் ரத்தத்தில் வைட்டலோஜெனின்: முட்டையின் மஞ்சள் கரு செய்யத் தேவையான புரதம், ஆணிடம் இருக்க வேண்டிய காரணமே இல்லை. கப்பலின் அடியில் பூசிய டிரைபியூட்டைல்டின் பெயிண்ட் லிட்டருக்கு 1 நானோகிராம் அளவிலேயே பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்க வைத்தது. அந்த நத்தையே அளவுகோலாகி, 2008இல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய தடைக்குச் சான்றானது. செம்பு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கூடினாலே சால்மன் குஞ்சின் மோப்பம் மங்குகிறது. மீன் சாகவில்லை, எதிரி வரும் வாசனை அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மீனை அறுக்கவேண்டுமென்றால் முதலில் மயக்கமருந்து. நீளம், எடை, பாலினம், வயது கட்டாயம் குறியுங்கள். பாதரசம் வயதோடு ஏறுவதால், மேலே சிறிய மீன்களும் கீழே பெரிய மீன்களும் பிடித்து ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் மாசினுடையது அல்ல.

8. காரணத்தைப் பிடிப்பது

இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன என்பதால் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. இதை எப்படிக் கடப்பது என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் கதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. முட்டையிட நகரத்து ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன்கள் மழைக்குப் பிறகு, முட்டையிடும் முன்பே வட்டமடித்துச் செத்தன. பல ஆண்டுகள். அதே நீரில் 'சம்' என்ற இன்னொரு சால்மன் இனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தெரிந்த உலோகம், தெரிந்த பூச்சிக்கொல்லி எதுவும் பொருந்தவில்லை. ஆராய்ச்சியாளர்கள் சாலையின் மழைநீரிலிருந்து டயர் ரப்பருக்கு வந்தார்கள். டயர் ஊறிய நீர் கொன்றது. அந்த நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மீனை விட்டு, கொல்லும் பகுதியை மட்டும் மறுபடி பிரித்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களிலிருந்து ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி, ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் 6பிபிடி-குயினோன். 2020 டிசம்பரில் முடிவு வெளியானது. யாரும் அளக்கத் தெரியாத ஒன்றை மீனே வழிகாட்டியாக நின்று கண்டுபிடித்துக் கொடுத்தது.

அடுத்த பெரிய சான்று கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு முழு ஏரியையே சோதனைக்குழாய் ஆக்கியது. ஆய்வாளர் கேரன் கிட் குழுவினர் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் ஒரு சிற்றேரியில் கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல்ஈஸ்ட்ரடையாலை லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் வைத்திருந்தார்கள். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீனின் ஆண்கள் வைட்டலோஜெனின் சுரந்தன. அந்த மீன் ஏரியிலிருந்து ஏறக்குறைய அற்றுப்போனது. மருந்தை நிறுத்திய சில ஆண்டுகளில் திரும்பியது. நம்மால் ஏரியை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தர்க்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: மாசைச் சேர்த்தால் பாதிப்பு வருகிறதா, எடுத்தால் போகிறதா, நிஜ நீரில் இருக்கும் அளவிலேயே வருகிறதா? இந்த மூன்றில் எத்தனைக்குப் பதில் வைத்திருக்கிறீர்களோ அத்தனை உறுதியாகவே எழுதுங்கள்.

9. எண்கள்

ஒரே தொட்டியில் 30 மீன் வைத்து '30 மாதிரி' என்று கணக்கிடாதீர்கள். அது ஒரு தொட்டி, ஒரு மாதிரி. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இலேயே இதைப் 'போலி மறுபதிவு' என்று சுட்டிக்காட்டிவிட்டார். இன்னும் அதே பிழையோடு கட்டுரைகள் வருகின்றன. ஆற்றில் மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்றாலும் இதே சிக்கல்தான்.

'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் அதைப் பூஜ்யமாக எழுதக் கூடாது. கருவியின் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று சேர்த்தே எழுதவேண்டும். உயிரைப் பாதிக்கும் அளவைவிட அந்த எல்லை மேலே இருந்தால், அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை என்றே பொருள். முதல் பத்தியில் சொன்ன 'வரம்புக்குள்' அறிக்கைகளில் பல இப்படிப்பட்டவை.

பாதுகாப்பான அளவைக் கணக்கிட, பாசி, டாஃப்னியா, மீன் மூன்றிலும் குறுகிய காலச் சோதனை மட்டும் இருந்தால், மூன்றில் மிகக் குறைந்த அளவை 1000ஆல் வகுப்பது வழக்கம். மூன்றிலும் நீண்ட காலச் சோதனை இருந்தால் 10ஆல். நமக்குத் தெரியாதது எவ்வளவு என்பதை அந்த 1000 நேர்மையாக ஒப்புக்கொள்கிறது.

10. சொல்வதும் வைத்துக்கொள்வதும்

அந்த நீரின் மீனைத் தின்பவர்களுக்கு முடிவை முதலில் சொல்லுங்கள், ஆய்விதழில் வருவதற்கு முன்பே. எந்த மீன், எந்த அளவு, எந்தப் பகுதி, யார் தவிர்க்கவேண்டும் என்று அவர்கள் மொழியில்.

மிச்சமிருக்கும் திசுவையும் வண்டலையும் ஆழ்குளிரில் பத்திரப்படுத்துங்கள். கோஹோ சால்மனில் பாதியைக் கொல்லும் 6பிபிடி-குயினோன் அளவு முதலில் லிட்டருக்கு 0.79 மைக்ரோகிராம் என்று வந்தது. தூய ஒப்பீட்டுப் பொருள் விற்பனைக்கு வந்த பிறகு, 2022இல், அதே குழு மறுபடி அளந்தபோது 0.095 மைக்ரோகிராம் ஆனது. எட்டு மடங்கு அதிக நஞ்சு. உங்கள் மாதிரிக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். பையின் மேல் இடம், தேதி, நேரம், இனம், உறுப்பு எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள், உள்ளே ஒரு சீட்டும் போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.